கத்துகிற பெட்டியும் பூட்டின சைக்கிளும்

1

என் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிற கருவிக்கு இந்த வாரம் ஒரு வயது முடிகிறது. கேக் வெட்டலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். சர்க்கரை வியாதியை அளக்கிற கருவிக்குப் பிறந்தநாள் கேக் வாங்குகிற மனுஷன் உலகத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். வாங்கினார், வெட்டினோம். நானும் ஒரு சின்னத் துண்டு சாப்பிட்டேன். அதற்குத் தகுந்த இன்சுலினை முன்னாலேயே போட்டுக்கொண்டேன். சர்க்கரை நூற்று நாற்பது வரை ஏறியது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, பிறகு சமர்த்தாக இறங்கி வந்தது.

அது ஏறியதும் நின்றதும் இறங்கியதும் எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் விஷயம். தொப்புளுக்குப் பக்கத்தில் தோலுக்குள்ளே மயிர் மாதிரி மெல்லிசாக ஒரு கம்பி இருக்கிறது. அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் வில்லை. அது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சர்க்கரை எவ்வளவு என்று என் பையில் இருக்கிற சின்னப் பெட்டிக்குச் சொல்லி அனுப்பும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பெட்டியில் அம்புக்குறி தெரியும். அளவுக்கு மீறி இறங்கினால் பெட்டி கத்தும். ஆரணியில் இருக்கிற என் அம்மா அதற்குக் ‘கத்துற பெட்டி’ என்று பேர் வைத்துவிட்டாள். ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்தாயா என்று போனில் கேட்டாள். வைத்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில், பள்ளிக்கூடம் போகிற வயதில் தினமும் ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை ஒன்று இருக்கலாம். அந்தப் பிள்ளையின் சைக்கிளை யாராவது பூட்டி வைத்திருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

2

எனக்குப் பதின்மூன்று வயதில் இது வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன், குச்சியாக இளைத்தேன். கண்ணமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில் வேலூருக்கு அழைத்துப்போனார்கள். அங்கே சொன்னதைக் கேட்டு அப்பா ஒரு வாரம் தறியில் உட்காரவில்லை. அம்மா மட்டும் மறுநாளே ஊசி போடக் கற்றுக்கொண்டாள்.

அம்மாவின் வேலை கட்டம் நிரப்புவது. பட்டுப் புடவையின் பார்டரில் வருகிற மயிலும் மாங்காயும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் உருவாகும். ஒரு கட்டம் ஓர் இழை. இழை மேலே தூக்க வேண்டுமென்றால் கட்டத்தை மையால் நிரப்ப வேண்டும், வேண்டாமென்றால் காலியாக விட வேண்டும். அதைப் பார்த்துத்தான் தறிக்கு அட்டை குத்துவார்கள். ஒரு கட்டம் தப்பினால் புடவை முழுக்க மயிலுக்கு மூக்கு கோணும். ஆரணி வியாபாரிகள் அம்மாவைத் தேடி வந்து தாளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். லீவு நாளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புவேன். நான் பாதி கட்டத்துக்கு மை தொட்டால் முதுகில் ஒன்று வைப்பாள். “ரொப்பு, இல்ல வுட்டுடு. பாதி கட்டம்னு ஒண்ணு கெடையாது” என்பாள்.

அந்தக் காலத்தில் வீட்டில் ரத்தம் சோதிக்கிற வசதியெல்லாம் எங்களுக்கு ஏது. சிறுநீர்தான். நீலத் தண்ணீரில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்து, நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் பார்த்தால் அம்மா பத்து நிறம் பார்ப்பாள். கிளிப்பச்சை, எலுமிச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு என்று புடவைக்குச் சொல்கிற மாதிரியே சொல்லி, அதையே நோட்டில் எழுதி வேலூருக்குக் கொண்டுபோனாள். அரக்கு என்றால் எத்தனை சதவீதம் என்று தெரியாமல் டாக்டர் முழித்தார். அம்மா விடவில்லை, அடுத்த தடவை அரக்குப் பட்டுத்துணி ஒரு துண்டை நோட்டில் ஒட்டி எடுத்துப்போனாள்.

ஆனால் அந்த நீலத் தண்ணீருக்கு ஒரு குறை. சர்க்கரை ஏறினால்தான் அது நிறம் மாறும். இறங்கினால் ஒன்றும் சொல்லாது.

பதினைந்து வயதில் சேவூர் பக்கம் தோழி வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். ஊசி போட்டுக்கொண்டு, பேச்சு சுவாரசியத்தில் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறேன். வழியில் கை நடுங்கியது, வேர்த்தது. வெயில் என்று நினைத்தேன். அப்புறம் வாய்க்காலில் கிடந்தேன். வயலில் வேலை செய்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். அம்மா என் வாயில் சர்க்கரையைத் திணித்தாள், முகத்தைத் துடைத்தாள், எழுந்துபோய்ச் சைக்கிளைப் பூட்டினாள். அவ்வளவுதான். பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்தி அழைத்துப்போனாள். பிள்ளைகள் எல்லாரும் மணி அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போவார்கள். எனக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

3

கல்யாணமாகி அமெரிக்கா வந்தேன். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். கார் இல்லாவிட்டால் கொத்தமல்லிகூட வாங்க முடியாது. நான் லைசன்ஸ் எடுத்த அன்றைக்கு ஆரணிக்குப் போன் போட்டு, “உன் பூட்டெல்லாம் இங்க செல்லாது” என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

வருஷம் ஆக ஆக உடம்பில் ஒரு மோசம் நடந்தது. இந்த வியாதி நாள்பட்டவர்கள் சிலருக்கு, சர்க்கரை இறங்கும்போது வருகிற நடுக்கமும் வேர்வையும் நின்றுபோகும். உடம்பு எச்சரிக்கை கொடுப்பதை விட்டுவிடும். நன்றாகத்தான் இருப்பீர்கள், அடுத்த நிமிஷம் இருக்கமாட்டீர்கள். எனக்கு அது நடந்துகொண்டிருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.

அது அக்டோபர் மாதம், சாயங்காலம் நாலு மணி. மகள் தர்ஷினியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஏழு வயது. எங்கள் தெருவுக்குள் திரும்பியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, பக்கத்து வீட்டுத் தபால் பெட்டி கம்பத்தோடு என் கார் மேல் சாய்ந்து கிடந்ததும், பின் சீட்டில் அவள் அலறியதும்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முப்பத்தெட்டு. யாருக்கும் அடி இல்லை. கொஞ்சம் தள்ளி அந்த வீட்டுக் குழந்தை பந்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது. 

லைசன்ஸை நிறுத்திவைத்தார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். மயங்குவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்தால்தான் கையெழுத்து என்று டாக்டர் சொன்னார். தெரிவதற்கு ஒரு கருவி வந்திருக்கிறது, ஆனால் இன்சூரன்ஸ் சம்மதிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

லைசன்ஸ் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தர்ஷினி பள்ளிக்கூடத்தில் ஒரு படம் வரைந்திருந்தாள். எங்கள் குடும்பம் காரில் போகிற படம். அப்பா ஓட்டுகிறார், அவள் பக்கத்தில் சிரிக்கிறாள். பின் சீட்டில் நான். எனக்கு மட்டும் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கோடு போட்டிருந்தாள். இனிமேல் நான் ஓட்டினால் ஏறமாட்டேன் என்று இங்கிலீஷில், ரொம்ப மரியாதையாக, டீச்சர் மாதிரி சொன்னாள். ஏற்கெனவே தமிழில் பேசுவது குறைந்துகொண்டு வந்த பிள்ளை. அன்றிலிருந்து பயம், கோபம் எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே வைத்துக்கொண்டாள்.

அம்மாவிடம் விஷயத்தை மறைத்தேன். வீட்டுக்காரர் உளறிவிட்டார். அம்மா போனில் ஒரே கேள்விதான் கேட்டாள். “கார பூட்டிட்டாங்களா?” பூட்டிவிட்டார்கள் என்றேன். “நல்லதாப் போச்சி” என்றாள். எனக்கு ஆத்திரம் வந்து போனை வைத்துவிட்டேன்.

4

இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அனுப்பின கடிதத்தில் மருத்துவ ரீதியாக அவசியமில்லை என்று இருந்தது. ஒரு நாளைக்கு நாலு வேளை விரலைக் குத்திப் பார்க்கிறீர்கள், நாலும் நன்றாகத்தானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று, படுக்கப்போகும்போது ஒன்று. விழுவது நடுவில் அல்லவா. நடுவில் யார் பார்த்தார்கள்?

போன் போட்டால் பாட்டுப் போடுவார்கள். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டபிறகு ஒருத்தர் வருவார், பிறந்த தேதி கேட்பார், வேறொருத்தரிடம் தள்ளுவார். நான் வசந்தி என்று சொன்னதை யாரோ பசந்தி என்று பதிந்து, எனக்கு இரண்டு ஃபைல் ஆகிவிட்டது. வசந்தி கேட்ட கருவியைப் பசந்தியின் சோதனையைப் பார்த்து மறுத்தார்கள். ஆரணியில் ரேஷன் கார்டில் பேர் திருத்த அலைந்த அனுபவம் இருந்ததால்தான் தாங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, பேஜார் பண்ணுவதில் இரண்டு ஊரும் அண்ணன் தம்பிதான். இங்கே நன்றி சொல்லிவிட்டு பேஜார் பண்ணுவார்கள்.

கிளினிக்கில் ரூத் என்று ஒரு நர்ஸ் இருக்கிறார். சர்க்கரை நோயாளிகளுக்காகவே இருக்கிற நர்ஸ், வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அவர் கிளினிக் கருவி ஒன்றை ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். வாரம் முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு படம் எடுத்தார். ஏழு நாளைக்கு ஏழு நிறக் கோடு, ஒன்றின் மேல் ஒன்று. இதைப் பார்த்தால் கல்லும் சம்மதிக்கும் என்று சொல்லி ஃபேக்ஸில் அனுப்பினார்.

மறுபடியும் மறுத்தார்கள். இன்னும் ஒரே ஒரு முறையீடு செய்யலாம், அதுதான் கடைசி, அதை வெளியிலிருந்து ஒரு டாக்டர் பார்த்து முடிவு சொல்வார் என்று எழுதியிருந்தது. இதுவும் போனால் கருவி இல்லை, கையெழுத்து இல்லை, லைசன்ஸ் இல்லை. என் மகள் வரைந்த அந்தக் கண் அப்படியே இருக்கும்.

அன்றைக்கு நான் ரூத்தின் மேஜையில் கிடந்த ஃபேக்ஸ் நகலை எடுத்துப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். ஃபேக்ஸில் நிறம் ஏது? ஏழு நிறமும் ஒரே கறுப்பாகி, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி கிடந்தது. அதில் எது ஏறியது எது இறங்கியது என்று என் அம்மாவாலேயே சொல்ல முடியாது.

5

வீட்டுக்கு வரும் வழியில் கடையில் கட்டம் போட்ட தாள் ஒரு கட்டு வாங்கினேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். டிசைன் போட என்றேன். அவர் என் சர்க்கரை இறங்கிவிட்டதா என்று பார்க்கச் சொன்னார்.

கணக்கு ரொம்ப எளிது. ஐந்து நிமிஷத்துக்கு ஓர் அளவு என்றால் மணிக்குப் பன்னிரண்டு, நாளைக்கு இருநூற்று எண்பத்தெட்டு. அத்தனை கட்டம் அகலம். ஒரு நாளைக்கு ஒரு வரிசை, ஆக ஏழு வரிசை. தாள்களை ஓரம் வெட்டி, ஊரில் ஒட்டுகிற மாதிரியே கோந்து போட்டு ஒட்டினேன். அளவு அறுபதுக்குக் கீழே இருந்தால் கட்டத்தை நிரப்பு, இல்லையென்றால் விட்டுவிடு. அறுபத்தொன்றுக்குப் பரிதாபப்பட்டுப் பாதி மை தொட நினைத்த கை தானாகவே நின்றது. விரலில் குத்திப் பார்த்த நேரங்களில் மட்டும் வரிசைக்கு மேலே ஒரு சின்னப் பெருக்கல் குறி.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பகல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நிரப்பினேன். தர்ஷினி முதலில் எட்ட நின்று பார்த்தாள். அப்புறம் அருகில் வந்து, ரூத் அச்செடுத்துக் கொடுத்த பட்டியலிலிருந்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல ஆரம்பித்தாள். நான் தமிழில் சொன்னால்தான் மை தொடுவேன் என்றேன். முறைத்தாள். ஆனால் சொன்னாள். எழுபத்தி ஒன்று, அறுபத்தி நாலு, ஐம்பத்தி எட்டு. ஐம்பத்தெட்டு வந்தால் அவளே விரல் வைத்துக் காட்டினாள்.

முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தேன். பகல் பதினோரு மணிக்குக் கீழே நாலு நாள் கறுப்பு. சாயங்காலம் நாலு மணிக்குக் கீழே ஆறு நாள் கறுப்பு, ஒன்றின் கீழ் ஒன்றாக, புடவைக் கரையில் கோபுரம் வருகிற மாதிரி செங்குத்தாக. பெருக்கல் குறிகள் இருபத்தெட்டும் வெள்ளையில் நின்றன. ஒன்றுகூடக் கறுப்பின் மேல் விழவில்லை. எத்தனை குத்தினாலும் தெரியாமல் போனது ஏன் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

தர்ஷினி நாலு மணிக் கறுப்பைத் தொட்டாள். “இது நாம மெயில்பாக்ஸ இடிச்ச டைம்” என்றாள். ஆமாம் என்றேன். 

கறுப்பும் வெள்ளையும்தான் என்பதால் ஃபேக்ஸ் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று பக்கமாகப் போய்ச் சேர்ந்தது. ரூத் கீழே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. சம்மதம். அந்த வெளி டாக்டர், இணைக்கப்பட்ட வரைபடத்தின்படி என்று மட்டும் எழுதியிருந்தார். கிளினிக்கில் ரூத் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. அந்தத் தாளைக் கேட்டு வாங்கித் தன் அறைச் சுவரில் ஒட்டிவிட்டார். இன்னும் இருக்கிறது. அம்மாவின் டிசைன் எத்தனையோ கல்யாணங்களில் நடந்து போயிருக்கிறது. என் டிசைன் அமெரிக்க ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்குகிறது. எனக்குத் திமிர் இருக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

6

ஏப்ரலில் கருவி வந்தது. ஆகஸ்டில் டாக்டர் கையெழுத்துப் போட்டார், லைசன்ஸும் வந்தது. ஆனால் தர்ஷினி காரில் ஏறவில்லை. நான் தனியாகக் கடைக்குப் போய் வந்தேன். அவள் ஜன்னலில் நின்று நான் திரும்பி வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விநாயகர் சதுர்த்தி வந்தது. கொழுக்கட்டைக்குப் பூரணம் உருட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பெட்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் விரல் ரத்தத்தைப் பார்த்துச் சரியான அளவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அது மற்றதைக் கணிக்கும். நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டது. ஜல்தியாகக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு விரலைக் குத்தினேன். நானூற்றுப் பன்னிரண்டு. அதையே பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் பாவம், நம்பி, உயர உயரக் காட்டியது. அடுப்பை அணைத்துவிட்டு இன்சுலினை ஊசியில் ஏற்றிவிட்டேன்.

தர்ஷினி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நீ கை கழுவவில்லையே என்றாள்.

விரலைப் பார்த்தேன். நகத்தோரம் வெல்லம் பளபளத்தது. கழுவிவிட்டு மறுபடி குத்தினேன். தொண்ணூற்றாறு. நான் அளந்தது பிள்ளையாருடைய சர்க்கரையை. அந்த ஊசியைப் போட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். இருபது வருஷ நோயாளி செய்த தப்பை எட்டு வயசு பிடித்துவிட்டது. கை கழுவிவிட்டுத்தான் குத்த வேண்டும் என்று கிளினிக்கில் ரூத் சொன்னபோது நான் தலையாட்டினேன், தர்ஷினி கேட்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட பஸ் வருகிற நேரத்தில் அவள் என் காருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பெட்டியை என்னிடம் கொடு என்றாள். கொடுத்தேன். பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். “நூத்தி இருபத்தி நாலு. அம்பு நேரா இருக்கு. போலாம்” என்றாள். எல்லாம் தமிழில். நான் தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டேதான் ஓட்டினேன். பக்கத்து வீட்டின் புதுத் தபால் பெட்டியை மட்டும் ரொம்ப ஜாக்கிரதையாகத் தாண்டினேன்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் வெல்லத்தில்தான் நின்றாள். கையைக் கழுவாமல் குத்தினாயா, கையைக் கழுவாமல் குத்தினாயா என்று கேட்டுகினே இருந்தாள்.

7

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆரணி போனோம். வீட்டுக்குள் நுழைந்தால் நடையில் என் பழைய சைக்கிள் நிற்கிறது. புது டயர், புதுச் செயின், மணிகூடப் புதுசு. அம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி காபி போட்டுக் கொடுத்தாள். அப்புறம் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு புதுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

“பழைய பூட்டு துரு புடிச்சிப் போச்சி. ஒடச்சிதான் எடுத்தாங்க” என்றாள்.

நான் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினெட்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை மறந்து, அந்தப் புது மணியை அடித்துப் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் அம்மாவிடம், சேவூர் வரைக்கும் போகலாம், பின்னால் உட்காரு என்றேன். அம்மா கேரியரைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்த வாய்க்கால் அப்படியே இருந்தது. சைக்கிளைச் சரிசெய்து வைக்க முடிந்திருக்கிறது, ஏற முடியவில்லை.

தர்ஷினிதான் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் அம்மா கையில் வைத்தாள். “ஆயா, நீ ஒக்காரு. இது கத்தும். அம்மா நிப்பாங்க” என்றாள்.

அம்மா உட்கார்ந்தாள்.

ஊரைத் தாண்டி இரண்டு பக்கமும் நெல் பச்சையாக இருந்தது. அம்மா ஒரு கையால் என் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழக்கமில்லாத மிதிப்பு. வாய்க்கால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பெட்டி கத்தியது. எனக்கு நடுக்கமும் இல்லை, வேர்வையும் இல்லை, பாட்டுப் பாடுகிற தெம்பில் இருந்தேன். பழைய நானாக இருந்தால் நேராகப் போய் அதே வாய்க்காலில் விழுந்திருப்பேன். பிரேக் பிடித்தேன். காலை ஊன்றினேன். அறுபத்தாறு, அம்பு கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

 நான் குளுக்கோஸ் மாத்திரைகளை மென்று விழுங்கினேன். விரலை நீட்டினபோதுதான் பார்த்தேன், அம்மா இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டு வந்திருக்கிறாள். என் கையில் ஊற்றினாள். விரல் விரலாகக் கழுவிவிட்டு, ரவிக்கையில் வைத்திருந்த சுத்தமான துணியால் துடைத்தாள். குத்திப் பார்த்தேன், பெட்டி சொன்னது சரியாக இருந்தது.

இரண்டு பேரும் சாலையோரத்தில் நின்று பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுபத்திரண்டு. எண்பத்தொன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் அம்மா தலையை ஆட்டினாள். தொண்ணூற்றெட்டு வந்து அம்பு படுத்ததும் அவளே கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஓட்டு. அந்த வாய்க்காலத் தாண்டிப் போலாம்” என்றாள்.

மிதித்தேன். தாண்டினோம். அம்மா இந்தத் தடவை என் இடுப்பைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.